கால்மாட்டில் யார் நிற்பது

வேலு,

சாப்பிட்டாயா, ஒசூரில் மழையா என்றெல்லாம் கேட்டு ஆரம்பிக்கலாம்தான். மனசு வரவில்லை. நேற்று நீ போனில் அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. "வியாழக்கிழமை பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தா நான் வரமாட்டேன். யார் வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே கைகூப்புகிற பொம்மை ஒன்று. அந்தப் பொம்மை எதற்கு என்று யோசித்தே பாதி நாள் போய்விட்டது. கோபமா, கெஞ்சலா, இல்லை தெரியாமல் விரல் பட்டுவிட்டதா? உன் அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவரும் என்னைப் போலத்தான் முழித்திருப்பார். போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி உனக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வியாழக்கிழமையே வந்துவிடும், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை உறையில் ஒட்டாமல், நாளைக்கு ஒசூர் போகிற ஆள் கையில் திறந்தபடியே கொடுத்தனுப்பப் போகிறேன். அடுத்த மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் படிக்கச் சொல்லி ஒரு நகல் கொடுக்கப் போகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும். வெட்கமாக இருக்காதா என்று நீ கேட்பாய். இருக்கிறது. ஆனால் இந்த வெட்கத்தால்தான் இவ்வளவு குழப்பமும் வந்தது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், இல்லை, வெட்கம் என்ன செய்தது பாவம் என்றும் தோன்றுகிறது. எதையும் தீர்த்துச் சொல்கிற நிலையில் உன் அம்மா இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், உனக்காவது ஏதாவது விளங்குகிறதா பார்.

முதலில் என் நோய். உன்னிடம் நான் சொன்னது "வயித்துல கட்டி". உன் பெரியப்பாவிடம் நீ சொன்னதும் அதேதான். வயிற்றில் இல்லை, வேலு. கர்ப்பப்பையின் வாயில். நீ இந்த உலகத்துக்கு வந்த வழியில். மாதவிலக்கு நின்றுபோய் எத்தனையோ வருஷம் கழித்து மறுபடியும் துணியில் பட்டது. நானும் சூடு என்று நினைத்து மோரும் வெந்தயமுமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். கிராம நர்ஸ்தான் சந்தேகப்பட்டு ஜமுனாமரத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கொடுத்த காகிதங்களில் நோயின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது, நீ கையெழுத்தும் போட்டாய். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் மலையேறி வீடு வந்து சேரும்வரை, நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் காகிதப் பை மட்டும் உட்கார்ந்திருந்தது.

முதலில் வெளியிலிருந்து கரண்டு வைத்தார்கள். எல்லோரும் கரண்டு என்றுதான் சொல்கிறார்கள், அது கரண்டு இல்லையாம், கதிர்வீச்சாம். அது ஒன்றும் பெரிய தொந்தரவில்லை. மெஷினுக்கு அடியில் படுத்தால் முடிந்தது. உனக்கு லீவு கிடைக்காத அந்த வாரங்களில் உன் பெரியப்பாதான் கூட வந்து தங்கினார். நான் பெண்கள் வார்டில், அவர் வெளியே மரத்தடியில். துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். காலையில் டீ வாங்கி நர்ஸ் கையில் கொடுத்தனுப்புவார். ஒரு நாளும் உள்ளே வரவில்லை. அதன் பிறகுதான் உள் கரண்டு. டாக்டர் முதுகில் ஊசி போட்டு, கர்ப்பப்பைக்குள் குழாய்களை வைத்து, அவை நகராமல் இருக்கச் சுற்றிலும் துணிப்பட்டையைத் திணிக்கிறார். மூத்திரப்பையில் அளந்து தண்ணீர் விடுகிறார்கள். அப்படியே ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்தப் படத்தை வைத்து எவ்வளவு கொடுப்பது, எந்த இடத்தில் கொடுப்பது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு முடியும்வரை நாம் காலை நீட்டி, அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு இன்னொரு ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போய் மெஷினோடு இணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரு கம்பியின் நுனியில் அரிசிக் குருணை அளவு ஏதோ ஒன்று குழாய் வழியாக உள்ளே போய், அங்கங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்துவிடுகிறது. அவ்வளவுதான். சூடு கூடத் தெரியாது.

இந்தக் கணக்குப் போடுகிறவள் டாக்டர் இல்லை. பிஸிக்ஸ் படித்தவளாம். நர்ஸுகள் அவளை பிஸிக்ஸ் மேடம் என்று கூப்பிடுகிறார்கள். உன்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். முதல் தடவை போனபோதே நான் அவளிடம் கேட்டேன், அடுப்படிக்காரி புத்தி எங்கே போகும்: "எவ்ளோ அளவும்மா குடுக்கறீங்க?" அவள் அளவைச் சொன்னாள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பிறகு அவள் சொன்னதுதான் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. "மெஷின் தப்பா குடுக்காதும்மா. தெனமும் காலைல செக் பண்றோம். குடுத்தது எங்க போய்ச் சேருதுன்றதுதான் எங்க கவலையே. குழாய்க்கு ரொம்ப பக்கத்துல இருந்தா அதிகமா படும். ஒரு விரல் தள்ளிப் போனா சட்டுனு கொறஞ்சிடும். முன்னாடி மூத்திரப்பை, பின்னாடி மலக்குடல். ரெண்டுக்கும் நடுவுல கட்டிக்கு மட்டும் போய்ச் சேரணும்."

கொடுத்த அளவும் போய்ச் சேர்ந்த அளவும் வேறு வேறாக எப்படி இருக்க முடியும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. சத்துணவு அமைப்பாளராக ரிட்டயர் ஆகிறவரை நான் அரிசியையும் பருப்பையும் அளந்தவள். பிள்ளைக்கு இவ்வளவு என்றால் இவ்வளவு. காவலூர்ப் பள்ளிக்கூடத்தில் நீயும் என் வரிசையில்தான் தட்டோடு நின்றாய். என் பிள்ளை என்று ஒரு பருக்கை கூடுதலாகப் போட்டதில்லை, அதில் எனக்கு ரொம்பப் பெருமை. நீ வீட்டுக்கு வந்ததும் பசி பசி என்று பானையை உருட்டுவாய். உன் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் அதே கரண்டிச் சோற்றில் மீதி வைத்துக் காக்காய்க்குப் போடுவார்கள். அப்போது இதை நான் யோசிக்கவே இல்லை. ஸ்கேன் ரூமுக்கு வெளியே படுத்துக்கொண்டுதான் யோசித்தேன். கரண்டி ஒன்று, வயிறு வேறு. அளந்து போட்டதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேனே, அது சரியா தப்பா? எல்லோருக்கும் ஒரே அளவு என்பது நியாயம்தானே? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நீ பசியோடு வளர்ந்தாயா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் சிரிப்பாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். போன முறை. குழாய் வைத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. பிஸிக்ஸ் மேடம் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் தள்ளுகட்டிலோடு வராந்தாவின் ஓரத்தில் விட்டு, சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நீ மாத்திரை வாங்கப் போயிருந்தாய். முதுகு ஊசியின் மரப்பு மெல்ல இறங்கி, கால் மறுபடியும் என் காலாக ஆகிக்கொண்டிருந்த நேரம். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது.

உனக்கு அந்தச் செருமல் தெரியும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து உன் பெரியப்பா நம் வாசலில் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு தரம் செருமுவார். தம்பி பெண்டாட்டி எப்படி இருக்கிறாளோ, முந்தானை சரியாக இருக்கிறதோ இல்லையோ, சுதாரித்துக்கொள்ளட்டும் என்று மரியாதைக்காகச் செய்வது. அது காதில் விழுந்தால் நான் எழுந்துவிடுவேன். கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் மடக்கிக்கொள்வேன். கணவனுடைய அண்ணன் முன்னால் கால் நீட்டி இருக்கிற பழக்கம் நம்மில் கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கும் அதேதான் நடந்தது. நான் யோசிக்கவில்லை வேலு, சத்தியமாக யோசிக்கவில்லை. செருமல் கேட்டது, இரண்டு காலும் தானாக மடங்கின, முழங்கையை ஊன்றி எழப் பார்த்தேன். உள்ளே எதுவோ இடறினது போல இருந்தது. ஓடிவந்த நர்ஸம்மா போட்ட கூச்சலில் அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது. திரைக்கு வெளியே உன் பெரியப்பா சாமைக் கஞ்சி பிளாஸ்கோடு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

பிஸிக்ஸ் மேடம் வந்து குனிந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "கால மடக்கிட்டீங்களாம்மா? சரி. பயப்படாதீங்க. மறுபடியும் ஸ்கேன் எடுக்கணும்" என்று மட்டும் சொன்னாள். டாக்டரும் வந்து பார்த்தார். மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் முதலிலிருந்து கணக்கு. அதற்குள் நீ வந்துவிட்டாய். விஷயம் தெரிந்ததும் அவளிடம் நீ பேசிய பேச்சு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"மேடம், டாலரன்ஸ் எவ்ளோ? எவ்ளோ நகர்ந்தா பரவால்ல, எவ்ளோ நகர்ந்தா ரிஜெக்ட்? எங்க கம்பெனில ஒவ்வொரு பார்ட்டுக்கும் இருக்குது."

"எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்றதப் பொறுத்துங்க அது."

"ஒரு நம்பர் சொல்லுங்க மேடம், போதும்."

"நம்பர் சொல்றதுக்குத்தாங்க திரும்ப ஸ்கேன் எடுக்கறேன். பாக்காம ஒண்ணு சொன்னா அது நம்பர் இல்ல."

எனக்கு உன்மேல் பாவமாகவும் இருந்தது, அவள்மேல் எரிச்சலாகவும் இருந்தது. அம்மாவைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒன்று, சொன்னால் என்ன குறைந்துவிடும்? சாயங்காலம் எல்லாம் முடிந்து குழாயை எடுத்த பிறகு நானே கேட்டேன், "சரியா போச்சாம்மா?" அவள் உடனே தலையாட்டவில்லை. "குழாய் கொஞ்சம் பின்னாடி சாஞ்சிருந்துச்சும்மா. குடலு கிட்ட வந்துடுச்சு. அதனால இன்னிக்கி கொஞ்சம் கொறச்சுத்தான் குடுத்திருக்கோம். குடலுக்கு ஒண்ணும் ஆகாது. கட்டிக்குக் கொறஞ்சத கடைசி தடவைல சேர்த்துப் பார்த்துக்கலாம். தள்ளிப் போட்டுடாதீங்க. அன்னிக்கி மட்டும் அசையாம இருந்துடுங்கம்மா" என்றாள். சரியாகப் போயிற்று என்று ஒரு வார்த்தை கேட்க நினைத்தவளுக்கு இவ்வளவு பதில். அன்று எனக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தால், போயிற்று என்று சும்மா சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், நம்பிக்கொண்டு கடைசித் தடவை இன்னும் அலட்சியமாகப் படுத்திருப்பேன். அவள் நல்லவளா கல்நெஞ்சக்காரியா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் சாயங்காலம் ஆவதற்கு முன்னாலேயே, என்னை இரண்டாவது ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில், நீ வராந்தாவில் உன் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டாய். கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டது. "உங்களுக்கு மரியாத குடுக்கப்போய் எங்கம்மா சாவணுமா? யாரு உங்கள வரச் சொன்னது?" நான் வெளியே வந்தபோது அவர் இல்லை. பிளாஸ்க் மட்டும் பெஞ்சியில் இருந்தது. ஒடுகத்தூர் போய் அங்கிருந்து மலை பஸ் பிடித்திருப்பார், சாப்பிட்டாரா இல்லையா தெரியாது. அன்றிலிருந்து நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. உன் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்று செய்ய வேண்டிய மனுஷன்.

யார்மேல் தப்பு என்று தினமும் ஒரு தீர்ப்பு எழுதி, மறுநாள் கிழித்துப் போடுகிறேன். செருமியவர்மேலா? அவர் செய்தது மரியாதை. சும்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தால்தான் தப்பு. மடங்கிய கால்மேலா? அதற்கு இத்தனை வருஷமாக வேறு எதுவும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. கத்திய உன்மேலா? ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் தூக்கிப் போடுகிற வேலை உனக்கு. அம்மாவுக்குள் அதுபோல ஒன்று நகர்ந்துவிட்டது என்றால் பதறாமல் என்ன செய்வாய்? பெற்றவள் சாகக் கூடாது என்று கத்துகிற பிள்ளையை எப்படித் திட்டுவது? சரி, மூடி மறைத்த என்மேல் என்று வைத்துக்கொண்டால், உன் பெரியப்பாவிடம் போய் இந்த இடத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், அதனால் வராதீர்கள் என்று நான் எந்த வாயால் சொல்லியிருப்பேன்? ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் சரியாகத்தான் நடந்திருக்கிறோம். எல்லாம் சரியாக இருந்தும் எப்படி வேலு, குழாய் நகர்ந்தது? பிஸிக்ஸ் மேடத்திடம் இதற்கும் ஒரு கணக்கு இருக்குமோ என்னவோ.

வியாழக்கிழமையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நோயைப் பார்த்து இல்லை, என் காலைப் பார்த்து. வீட்டில் கட்டிலில் மல்லாந்து படுத்து அசையாமல் இருந்து பழகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பீடி இருமல் இருமினார், கால் மடங்கவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு போனவன் காறித் துப்பினான், மடங்கவில்லை. எந்த ஆள் என்று காலுக்குத் தெரிந்திருக்கிறது! சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. நீ சொல்கிறபடி அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வராவிட்டால், வந்துவிடுவாரோ, கோபம் ஆறி வாசலில் நிற்கிறாரோ என்று வராத செருமலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடப்பேன். கடைசித் தடவை. போன தடவை குறைந்ததும் சேர்ந்து இந்தத் தடவைதான் போய்ச் சேர வேண்டும். இதிலும் நான் அசைந்துவிட்டால் அதற்கப்புறம் சேர்த்துப் பார்க்க இன்னொரு தடவை கிடையாது.

அதனால் நேற்று உன் செய்தியைப் படித்துவிட்டு, மத்தியானம் நானே உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரிகிறதா? உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நானும் அவரும் உன்னை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொண்டோம். "உங்க பெரியப்பாவ சாப்புட சொல்லுடா" என்று நான் சொல்வேன், அவர் காதில் நன்றாகவே விழும், இருந்தாலும் நீ திரும்பச் சொன்ன பிறகுதான் இலைமுன் உட்காருவார். உன் அப்பா போன பிறகு நிலத்து விஷயம், உன் படிப்பு, உன் வேலை, எல்லாம் உன் வாய் வழியாகத்தான் போய்வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது நீ ஒருத்தன்தான், அந்த நீயே இப்போது அறுத்துக்கொண்டு நிற்கிறாய். நான் வேறு என்ன செய்வது?

அவர் களத்தில் சாமையைக் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். உன் பெரியம்மா சந்தைக்குப் போயிருந்தாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வேலிப் பக்கம் நின்று நான் செருமினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, பையன் வர்லியா கூட?"

"வர்ல மாமா. நானேதான் சொல்லணும்."

சொன்னேன் வேலு. சாமையைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். கட்டி எங்கே இருக்கிறது, குழாய் எங்கே வைக்கிறார்கள், ஏன் கால் மடக்கக் கூடாது, பிஸிக்ஸ் மேடம் என்ன சொன்னாள். அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டார். இடையில் ஒரு தரம் கூட நிமிரவில்லை.

"வயித்துல கட்டின்னாங்கம்மா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டுக்கு வெளியவே நின்னிருப்பேன்" என்றார். பிறகு, "எவ்ளோ கொறஞ்சிதாம்?"

"எனக்கும் தெரியல மாமா. கடைசில சேத்துப் பாத்துக்கலாம்னாங்க."

"புள்ள கேட்டது நாயந்தாம்மா. நான் வர்ல. வூட்லயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் சாமையைக் கிளற ஆரம்பித்தார். நான் எதற்கு வந்தேன், வர வேண்டாம் என்று சொல்லவா, வரச் சொல்லவா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. கிளம்பலாம் என்று திரும்பினேன். வேலியைத் தாண்டியிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தத் தள்ளுகட்டில்ல தலமாடு எந்தப் பக்கம் வெக்கறாங்க?"

"செவுத்துப் பக்கம், மாமா."

"அந்தச் செவுத்தோரமா, தெரைக்கு வெளிய நிக்கறேன். தலமாட்டுல நின்னா காலு என்னப் பாத்து நீட்டுன மாதிரி ஆவாது பாரு. செருமவும் மாட்டேன். நான் அங்கதான் நிக்கறேன்னு நீ முன்னாடியே தெரிஞ்சிக்கிட்டு படுத்துக்கோ."

அந்த மனுஷன் நேரடியாக என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன். என் காலை மாற்ற என்னால் முடியவில்லை, அவர் தான் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டார். இது ஏன் நம் யாருக்கும் தோன்றவில்லை? நீ டாலரன்ஸ் கேட்டாய், நான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன், அவர் தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மட்டும் எனக்குக் குழப்பமில்லாமல் தெரிகிறது. நாளைக்கு உன் பெண்டாட்டி உடம்பு சரியில்லை என்றால் எங்கே என்று கேள். வயிறு என்று சொன்னால் விட்டுவிடாதே, மறுபடியும் கேள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நீயே கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்து வை. நம் மலையில் எத்தனை பெண்களுக்கு "வயிறு" வலிக்கிறதோ! அவள் மறைக்கிறாளே என்று கோபப்படாதே. மடக்கியே பழகிய கால் அவளுக்கும் இருக்கும். நீ கேட்டது அவளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார், கேட்டுவிட்டேன் என்பதோடு முடித்துக்கொள்ளாதே.

இனி உன் செய்திக்கு என் பதில். யார் வேண்டும் என்று முடிவு பண்ணச் சொன்னாய். நான் முடிவு பண்ண மாட்டேன். எனக்கு இந்த நோய் ஆறிவிடுமா தெரியாது. கொடுத்த கதிர்வீச்சு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா தெரியாது. பிஸிக்ஸ் மேடத்துக்கே வியாழக்கிழமை ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அன்றைக்கு நான் அசையக் கூடாது. தலைமாட்டில் உன் பெரியப்பா சத்தமில்லாமல் நிற்பார். நர்ஸம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கால்மாட்டில் ஆள் இல்லையென்றால் அந்தப் பக்கம் யார் வருகிறார்களோ, யார் திரையை விலக்குவார்களோ என்று எனக்குப் பதைப்பாகவே இருக்கும். அங்கே டாக்டர் நின்றாலும் கூசுகிறது, நர்ஸம்மா நின்றாலும் கூசுகிறது. இத்தனை வயதில் நான் ஒருத்தன் முன்னால்தான் கூச்சமில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். சின்னப் பிள்ளையாக உன்னை என் இரண்டு காலிலும் குப்புறப் போட்டுத்தான் குளிப்பாட்டினேன்.

வந்து கால்மாட்டில் நில், நைனா. நீ நின்றால் மடங்காது.

அம்மா